கலர் பொடி



உங்கள் பட்டமளிப்பு விழாவுக்காக நேற்று மாலையே பழவேற்காடு வந்துவிட்டேன். டச்சுக் கல்லறையைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது ஒரு வண்டிக்கடையில் இறால் வறுவல் வாங்கினேன். ருசிக்குக் குறையில்லை. ஆனால் இரண்டு முறை சோப்புப் போட்டும் விரலில் சிவப்பு போகவில்லை. ஏரியில் சாம்பல் நிறமாய்த் துள்ளும் இறால், சூடு பட்டாலே தானாய்ச் சிவக்கும். அதற்கு மேல் கலர் பொடி எதற்கு என்று கேட்டேன். "கலர் இல்லாட்டி யாருங்க திரும்பிப் பாக்குறாங்க?" என்றார் கடைக்கார அக்கா. எழுதி வைத்திருந்த உரையை ராத்திரியே கிழித்துவிட்டேன்.

சினிமா பற்றி எழுதுவது என் பிழைப்பு. அங்கேயும் இதே பதில்தான். 2007இல் வந்த ‘சிவாஜி’யில், பாரி மகளிரின் பெயர்களான அங்கவை, சங்கவையைக் கறுத்த இரண்டு பெண்களுக்கு வைத்து, அவர்கள் நிறத்தையே நகைச்சுவை ஆக்கினார்கள். அதே படத்தில் ஒரு பாட்டுக்காக, ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் தோல் நிறத்தைக் கணினி வழியே ரஜினிகாந்த் மேல் ஏற்றினார்கள். தியேட்டரில் நானும் சிரித்தேன். என் நிறம் என்ன என்பது உங்களுக்கு அங்கிருந்தே தெரியும்.

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. அமெரிக்காவில் ஆஸ்கர் வாங்கிய முதல் கறுப்பினக் கலைஞர் ஹேட்டி மெக்டேனியல். வேலைக்காரி வேடத்துக்காக, 1940இல். விழா அரங்கில் அவருக்குச் சுவரோரம் தனி மேசை. நமக்கு நடிகை சரிதா வந்தார். நிறத்தை மாற்றாமலே கதாநாயகி ஆனார். பின்னாளில் அவர் குரலை மட்டும் வேறு நாயகிகளின் உதட்டுக்கு இரவல் வாங்கிக்கொண்டார்கள்.

வேதியியல் மாணவர்களே, மறுபடி சாப்பாட்டுக் கலருக்கு வருவோம். ‘சிவாஜி’ வந்த அதே 2007இல்தான் இங்கிலாந்தின் சவுத்தாம்டன் பல்கலைக்கழக ஆய்வு ‘லான்செட்’ இதழில் வந்தது. மூன்று வயதுக் குழந்தைகள் 153 பேர், எட்டு ஒன்பது வயதினர் 144 பேர். செயற்கை நிறமிகளும் சோடியம் பென்சோயேட்டும் கலந்த பானத்தைக் குடித்த நாட்களில் குழந்தைகளின் துறுதுறுப்பு சராசரியாகக் கொஞ்சம் கூடியது. எல்லாருக்கும் ஒரேபோல் அல்ல. இதை வைத்து ஏடிஎச்டி என்னும் கவனக்குறைவு, மிகைச் செயல்பாட்டுக் கோளாறுக்குக் கலர்தான் காரணம் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. துறுதுறுவென்று இருக்கும் பிள்ளையின் தாயை "மிட்டாய் வாங்கிக் கொடுத்துக் கெடுத்துட்டே" என்று ஏசவும் உரிமையில்லை. ஆனாலும் 2010 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில், அந்த ஆய்வில் இடம்பெற்ற ஆறு நிறமிகளில் எது சேர்ந்தாலும் பண்டத்தின் உறையில், குழந்தைகளின் கவனத்தைப் பாதிக்கலாம் என்று அச்சிட்டாக வேண்டும். டார்ட்ரசின், சன்செட் யெல்லோ இரண்டும் அதில் உண்டு. இந்தியாவில் இந்த இரண்டும் அளவோடு அனுமதிக்கப்பட்டவை; எச்சரிக்கை வாசகம் கிடையாது. 2024இல் தமிழகம் தடை செய்த பஞ்சு மிட்டாயில் இருந்த ரோடமின்-பி வேறு கதை. அது துணிக்குப் போடும் சாயம்.

கலர் பூசினால் விற்கும் என்று முதலில் முடிவு செய்தது யார்? வாங்குகிற நாம் என்கிறார்கள். நம்மிடம் எப்போது கேட்டார்கள்?

இந்த ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில், பனையோலைக் கூடையை வாயில் கவ்விக்கொண்டு, கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நீங்கள். விஸ்காம் முடித்தவர்கள் கேமராவோடு அங்கே போவீர்கள். மதிய வெயிலில் அந்த முகத்துக்கு எவ்வளவு வெளிச்சம் வைப்பது என்று யோசிக்க வேண்டிவரும். எடிட்டிங் அறையில் ஒருவர் "கொஞ்சம் பளிச்சுனு ஏத்திடலாமே" என்பார். அவருக்கு என்ன சொல்வீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அந்த வண்டிக்கடை அக்காவிடம் இன்று கலர் போடாமல் ஒரு தட்டு சொல்லியிருக்கிறேன், பணமும் கொடுத்தாயிற்று. ஐந்து மணிக்குள் வரச் சொன்னார். உங்கள் பெயர்களைக் கூப்பிடட்டும், நான் உட்கார்ந்துகொள்கிறேன்.