முதுமை மறதி வெறும் வயதின் நோயா?

(குள்ளஞ்சாவடியில் நடந்த வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் ஊர்ப் பெரியவர்கள் வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றால், 'வயசாயிடுச்சு' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அது வயதின் இயல்பல்ல, டிமென்ஷியா என்கிற மறதி நோயாக இருக்கலாம். 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வின் மதிப்பீட்டில், இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, இந்நோய் இருக்கிறது. நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம், ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம்.

சிறுவயதில் பட்ட அடியும் அவமானமும் முதுமையில் மூளையைப் பிடிக்குமா? ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களிடம் இதைக் கேட்டுப் பார்த்தார்கள். அரசே குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிடுங்கிச் சென்ற வரலாறு அவர்களுடையது. 60 வயதைக் கடந்த 336 பேரிடம் நடத்தி 2017இல் வெளியிட்ட அந்த ஆய்வில், சிறுவயதில் அதிகக் கொடுமையைச் சந்தித்தவர்களிடம் டிமென்ஷியாவும் அதிகமாக இருந்தது. இது தொடர்பைத்தான் காட்டுகிறது, அதுதான் காரணம் என்று நிறுவவில்லை. ஆனால் வழி புரிகிறது. ஓயாத அச்சத்தில் வளரும் குழந்தையின் உடலில் கார்ட்டிசோல் சுரப்பு தாறுமாறாகிறது. நினைவைப் பதியவைக்கும் மூளைப்பகுதியை அது பாதிக்கக்கூடும். வளர்ந்த பிறகு மனச்சோர்வு, குடி, இரத்த அழுத்தம் என்று அது தொடரலாம்.

லான்செட் இதழின் குழு 2024இல் மாற்றக்கூடிய 14 காரணிகளைப் பட்டியலிட்டது. அவற்றைச் சரிசெய்தால் உலகில் 45 விழுக்காடு டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்கிறது. சிறுவயதுக் கொடுமை அதில் தனியாக இல்லை. ஆனால் சிறுவயதில் கல்வி கிடைக்காதது இருக்கிறது, மனச்சோர்வும் இருக்கிறது.

கல்வி யாருக்குக் கிடைக்கவில்லை? தென்னார்க்காட்டில் படியாளின் பிள்ளை ஆண்டை வீட்டு மாட்டின் பின்னால் போனது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்ததே 1976இல்தான். 1968இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டபோது உயிர் தப்பிய சிறுவர்கள் இன்று முதியவர்கள். அவர்களின் மூளை சுமந்ததை யார் அளந்தார்கள்?

என் ஆயாவுக்கு மறதி முற்றியபோது என் பெயரே போய்விட்டது. ஆனால் ஊர்த்தெரு வந்தால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளும். இந்நோயில் பழைய நினைவுதான் பெரும்பாலும் கடைசியில் அழியும். அந்தப் பழைய நினைவு என்னவென்று பாருங்கள்.

அதற்காக, அடிபட்டவர்களுக்கெல்லாம் இந்நோய் வந்தே தீரும் என்று நான் சொல்லவில்லை. இது விதியல்ல. 1916இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கியது எழுத்தறிவுக்காக மட்டும் என்று நினைத்திருப்போம். ஒரு பிள்ளைக்குக் கிடைக்கும் பள்ளிப்படிப்பு அதன் முதுமைக்கும் காவல் என்று இன்றைய மருத்துவம் சொல்கிறது.

2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. அதோடு நினைவுப் பரிசோதனையும் வர வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரை எழுதச் சொல்லிச் சோதிக்காத பரிசோதனையாக அது இருக்க வேண்டும். சாதிக் கொடுமையை நோய்க்கான காரணிகளில் ஒன்றாக எடுத்து ஆராய வேண்டும். அந்தத் தலைமுறை நம்மோடு இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும் தோழர்களே.