இரட்டைப் பிள்ளைகளும் பாடத் தெரிவும்



ஒரே நாளிற் பிறந்து, ஒரே தொட்டிலில் வளர்ந்து, ஒரே வகுப்பிற் பயிலும் இரட்டைப் பிள்ளைகள், பத்தாந் தரத்தை அடையும்போது ஒரு கேள்வியை எதிர்நோக்குகின்றனர். இப்பொழுதுள்ள ஒழுங்கின்படி, க.பொ.த. சாதாரண தரத்திற்குரிய ஒன்பது பாடங்களுள் ஆறு எல்லோர்க்கும் பொதுவானவை. ஏனைய மூன்றையும் மாணவரே தெரிதல் வேண்டும். அவ்வேளையிற் பெற்றோர் பலர், “இருவருக்கும் ஒன்றையே எழுதிவிடுங்கள்” என்று கூறுவர்.

அவ்வாறு கூறுவதற்குக் காரணம் இல்லாமலில்லை. ஒரு புத்தகத்தை இருவர் படிக்கலாம். மாலை வகுப்புக்கு ஒருவர்க்கொருவர் துணையாகப் போய்வரலாம். வருவாய் குறைந்த குடும்பத்திற்கு இது சிறிய விடயமன்று. ஆயினும், செலவைச் சுருக்குவது வேறு. பிள்ளையின் நாட்டத்தை அறிவது வேறு.

இரட்டையருள் இருவகையினர் உளர். ஒரே கருமுட்டை பிளவுற்றுத் தோன்றியோர் உருவத்தில் மிக ஒத்திருப்பர். இரு வேறு முட்டைகளினின்று தோன்றியோரோ ஏனைய உடன்பிறந்தாரைப் போன்றவரே. ஆணும் பெண்ணுமாகவும் இருத்தல் கூடும். முதல் வகையினரிடத்தும் விரல் இரேகை ஒன்றாய் இருப்பதில்லை. விரலே வேறுபடுமாயின், விருப்பம் வேறுபடுவதில் வியப்பென்ன?

1887ஆம் ஆண்டு பிறந்த ஆற்காடு இராமசாமி முதலியாரும் இலட்சுமணசாமி முதலியாரும் இரட்டையர். முன்னவர் சட்டம் பயின்று அரசியலிற் புகுந்து, 1946இல் ஐக்கிய நாடுகளின் பொருளாதார சமூக சபைக்கு முதற்றலைவரானார். பின்னவர் மகப்பேற்று மருத்துவராய்ப் புகழ்பெற்று, 1942 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராய் விளங்கினார். வழி இரண்டாயினும் உயர்வு ஒருவர்க்கும் குறையவில்லை.

ஆதலால், இருவரையும் தனித்தனியே அழைத்துக் கேளுங்கள். ஒன்றாக நிறுத்திக் கேட்டால் ஒருவர் முந்திக்கொண்டு விடை சொல்வார். மற்றவர் “எனக்கும் அதுவே” என்று தலையசைப்பார். அத்தலையசைப்பை விருப்பமென்று கொள்ளற்க. அதேபோன்று, “இவன் கணிதக்காரன், அவன் கலைக்காரன்” என்று நாமே பிரித்துவைப்பதும் தகாது. தனித்தனியே வினவியபோதும் இருவரும் ஒரே பாடத்தை நாடுவாராயின், அதனைத் தடுத்தல் வேண்டா. ஒருங்கு பிறந்தோர் மூவராயினும் முறை இதுவே.

உயர்தரத்தில் ஒரே பிரிவிற் பயில்வோர் விடயத்தில் மேலும் ஓர் அவதானம் வேண்டும். இசட் புள்ளியிற் சிறு வேறுபாடு ஒருவரைப் பல்கலைக்கழகத்திற்குள் அனுப்பி, மற்றவரை வாயிலில் நிறுத்திவிடக்கூடும். ஒரே நாளில், ஒரே வீட்டில், ஒருவர்க்கு வாழ்த்தும் மற்றவர்க்கு மௌனமும் கிடைப்பது பெருந்துயர். பெறுபேறு வந்த பின்னர் ஆறுதல் தேடுவதினும், பரீட்சைக்கு முன்னரே ஒவ்வொருவரும் தத்தமக்கென இரண்டாவது வழியொன்றைத் தெரிந்து வைத்திருத்தல் நன்று. கல்வியியற் கல்லூரிகள் உள. தொழினுட்பக் கல்லூரிகள் உள. தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் பெறும் பயிற்சிகளும் உள. இவற்றைத் தோற்றவர்க்குரிய புகலிடமாகக் கருதாது, தகுதியான தொழில்வழிகளாக வீட்டிலே பேசிப் பழகுங்கள்.

பெறுபேறு வெளிவரும் நாளில் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்து ஒப்பிடாதீர்கள். ஒவ்வொரு தாளையும் அதற்குரிய பிள்ளையுடன் தனியே இருந்து பாருங்கள். அதன்பின், “இனி நீ என்ன செய்ய விரும்புகிறாய்?” என்று அப்பிள்ளையையே கேளுங்கள்.