கட்டங்களுக்கு இடையே உள்ள வெள்ளை
(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



கவிதையைப் பற்றிப் பேசும் அவையில் ஒரு சித்திரக்கதையையும் அதிலிருந்து பிறந்த திரைப்படத்தையும் பொருளாகக் கொள்வது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும் ஒரு படைப்பை ஒரு கலையிலிருந்து மற்றொரு கலைக்குக் கொண்டு செல்லும்போது எது உடன் வருகிறது, எது வழியில் உதிர்ந்து போகிறது என்னும் வினா, கவிதையை மொழிபெயர்க்க முயன்ற ஒவ்வொருவரும் சந்தித்த வினாவே ஆகும். அவ்வினாவை ஆராய்வதற்குப் பெல்ஜிய நாட்டுச் சித்திரக்கதையாகிய டின்டினும், அதனை அடியொற்றி ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கி 2011இல் வெளிவந்த அசைவூட்டப் படமும் நல்ல எடுத்துக்காட்டுகள்.

டின்டினைப் படைத்தவர் ஜார்ஜ் ரெமி. 1907இல் பிரஸ்ஸல்ஸ் நகரை ஒட்டிய எட்டர்பீக்கில் பிறந்தவர். தம் பெயரின் முதலெழுத்துகள் இரண்டையும் முன்பின்னாக மாற்றி, பிரெஞ்சு ஒலிப்பில் எர்ஜே எனப் புனைபெயர் வைத்துக்கொண்டார். 1929 ஜனவரி 10 அன்று ஒரு நாளிதழின் சிறுவர் இணைப்பில் டின்டின் முதன்முதலாகத் தோன்றினான். கூடவே ஒரு வெள்ளை நாயும் வந்தது. 1983இல் எர்ஜே மறைந்தபோது இருபத்து நான்காம் கதை முற்றுப்பெறாமல் நின்றது.

அவருடைய சித்திரங்களின் இலக்கணம் எளிமையானது. கோடு எங்கும் ஒரே தடிப்பு. நிழல் காட்டும் கீற்றுகள் மிகக் குறைவு. வண்ணம் சீராகப் பரவி நிற்கும். இந்தப் பாணிக்கு டச்சு ஓவியர் யூஸ்ட் ஸ்வார்ட்டே 1977இல் 'தெளிந்த கோடு' என்று பெயரிட்டார். இப்பாணியில் பின்னணிகள் நுணுக்கமாக அமைகின்றன. கப்பலின் பாய்மரக் கயிறும், சந்தையில் விற்கும் பழம்பொருளும் ஆய்ந்து வரையப்பட்டவை. ஆனால் நாயகனின் முகமோ ஏறத்தாழ வெறுமை. கண்ணுக்கு இரு புள்ளிகள், மூக்குக்கு ஒரு சிறு வளைவு, நெற்றிக்கு மேல் ஒரு குடுமி. உலகம் முழுமையாக இருக்கிறது. அவ்வுலகில் நடப்பவனின் முகம் மட்டும் நிரப்பப்படாமல் இருக்கிறது. அந்த இடத்தில்தான் வாசகன் தன் முகத்தை வைத்துக்கொள்கிறான்.

இரண்டாவது வெறுமை, கட்டத்துக்கும் கட்டத்துக்கும் இடையே உள்ள வெள்ளைக் கீற்று. ஒரு கட்டத்தில் ஓங்கிய கை, அடுத்த கட்டத்தில் விழுந்து கிடக்கும் மனிதன். அடி விழுந்தது எந்தக் கட்டத்திலும் இல்லை. அதை வரைந்தவன் வாசகன். சொல்லாது விட்டதைக் கேட்போர் உள்ளம் இட்டு நிரப்பும் இந்த வினை, தமிழ்க் கவிதை மரபில் பழகியோர்க்குப் புதிதன்று.

'யூனிகார்னின் இரகசியம்' என்னும் கதைக்கு மூன்றாவது வெறுமை ஒன்றும் உண்டு. அது காலத்தின் வெறுமை. 1940இல் ஜெர்மனி பெல்ஜியத்தைக் கைப்பற்றியது. இக்கதை, ஆக்கிரமிப்பாளரின் கட்டுப்பாட்டில் வெளிவந்த 'ல சுவார்' நாளிதழில் 1942 ஜூன் முதல் 1943 ஜனவரி வரை, நாளொன்றுக்கு ஒரு துண்டாக வந்தது. காகிதத் தட்டுப்பாட்டால் இடம் சுருங்கியிருந்தது. ஒவ்வொரு நாளும் சில கட்டங்களில் ஒரு சிறு முடிச்சு, பின்னர் மறுநாள் வரை காத்திருப்பு. 1930களில் 'நீலத்தாமரை' என்ற கதையில் ஜப்பானியப் படையெடுப்பை வெளிப்படையாகச் சாடிய எர்ஜே, இப்போது மூன்று பொம்மைக் கப்பல்களின் பாய்மரங்களுக்குள் ஒளித்த மூன்று தோல்சுருள்களைப் பற்றிக் கதை சொன்னார். போர் கதையில் இல்லை. அந்த இன்மையை மன்னிப்பதா கண்டிப்பதா என்பது இன்றும் முடியாத வழக்கு. அவ்வழக்கிற்குக் காரணங்கள் உண்டு. இதற்கு முந்திய கதையில் யூதரை இழிவுபடுத்தும் உருவங்கள் இடம்பெற்றன. விடுதலைக்குப் பின் எர்ஜே கைது செய்யப்பட்டார், சில காலம் இதழ்ப்பணி மறுக்கப்பட்டார். ஆகவே மௌனம் எப்போதும் அழகானது என்று கவிஞர்கள் எண்ணிவிடலாகாது. சில மௌனங்கள் வாசகனுக்கு இடம் விடுகின்றன. சில, பேச வேண்டிய இடத்தில் வாய் மூடுகின்றன. ஒரே நூலில் இரண்டும் இருக்கக்கூடும்.

இனித் திரைப்படம். முதல்நூலின் வழியே நடப்பதை வழிநூல் என்றும், சுருக்குதல், விரித்தல், இரண்டையும் கலத்தல், மொழி மாற்றி அமைத்தல் என அது நால்வகைப்படும் என்றும் தமிழ் இலக்கணம் பகுக்கிறது. இப்படம் மூன்றாம் வகை. 'தங்க நகங்கள் கொண்ட நண்டு' கதையிலிருந்து காப்டன் ஹேடாக்கின் அறிமுகத்தையும் பாலைவனத்தையும், 'யூனிகார்னின் இரகசியம்' கதையிலிருந்து தோல்சுருள்களையும், 'ரெட் ராக்கமின் புதையல்' கதையிலிருந்து முடிவையும் எடுத்துப் பின்னியிருக்கிறது. மூன்றாம் கதையில் வரும் காதுமந்தப் பேராசிரியர் கால்குலஸ் நீக்கப்பட்டார். மூலத்தில் தீங்கற்ற சேகரிப்பாளராக வரும் சாக்கரீன், கொள்ளைக்காரன் ராக்கமின் வழித்தோன்றலாகிய வில்லனாக்கப்பட்டார். இவை குற்றங்கள் அல்ல. வழிநூலுக்கு இத்தகைய உரிமை உண்டு.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. நடிகர்களின் உடலில் குறிகள் பொருத்தி, சுற்றிலும் நிறுத்திய கருவிகளால் அவர்தம் அசைவைப் பதிவு செய்து, கணினியில் உருவம் போர்த்தும் முறையில் இப்படம் ஆக்கப்பட்டது. நியூசிலாந்தின் வேட்டா நிறுவனம் அப்பணியைச் செய்தது. பீட்டர் ஜாக்சன் தயாரிப்பில் துணை நின்றார். ஹேடாக்காக ஆண்டி செர்கிஸும் டின்டினாக ஜேமி பெல்லும் நடித்தனர். குடிகாரக் காப்டனின் தாடியும் சிவந்த மூக்கும் இம்முறையில் உயிர்பெற்றன, ஏனெனில் அவன் முகம் மூலத்திலேயே கோடுகள் நிறைந்த முகம். டின்டினின் முகத்துக்கோ தோல் வந்தது, மயிர்க்கால் வந்தது, விழியில் ஒளி வந்தது. வாசகன் குடியிருந்த வெற்றிடத்தில் வேறொருவன் குடிபுகுந்தான்.

வெள்ளைக் கீற்றுக்கும் இதே கதிதான். மொராக்கோவின் பாகார் என்னும் கற்பனைத் துறைமுகத்தில் நடக்கும் துரத்தல், வெட்டே இல்லாத ஒரே ஓட்டமாக அமைந்தது. அணை உடைகிறது, மோட்டார் சைக்கிள் பாய்கிறது, தோல்சுருள்களைக் கவ்விய பருந்து பறக்கிறது. கைவினைத் திறத்தில் அது பெருஞ்சாதனை. ஆனால் பார்ப்பவன் செய்ய வேண்டிய வேலை அதில் எதுவுமில்லை. இடையில் ஓரிடத்தில் டின்டின் மனந்தளர, தோல்வியைப் பற்றி ஹேடாக் அறிவுரை கூறுகிறான். மூலத்தில் அவர்களது நட்பு செயலால் மட்டுமே தெரிவது. இங்கே அது வாயால் உரைக்கப்பட்டுவிட்டது. கவிதையின் ஈற்றடியில் கருத்துரை எழுதிச் சேர்ப்பதற்கு இது ஒப்பாகும்.

அப்படியானால் கோட்டைக் கோடாகவே வைத்துக்கொண்டால் போதுமா? போதாது என்பதற்கு 1991இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடர் சான்று. அது எர்ஜேயின் சித்திரங்களைப் பெரிதும் விசுவாசமாகப் பின்பற்றியது. ஆயினும் சித்திரம் அசைந்த கணமே கட்டங்களுக்கு இடையே இருந்த வெள்ளை மறைந்தது. சொல்லுக்குச் சொல் பெயர்த்த கவிதையில் ஓசை இறந்துபோவதைப் போன்றது அது.

திரைப்படம் உண்மையில் வென்ற இடம் ஒன்று உண்டு. சித்திரக்கதையில் ஹேடாக் தன் அறைக்குள்ளேயே, தொப்பியும் வாளும் தரித்து, பதினேழாம் நூற்றாண்டு முன்னோன் செய்த கடற்போரை நடித்துக் காட்டுகிறான். ஒரு கட்டத்தில் அறை, மறு கட்டத்தில் கப்பல். இரண்டிலும் ஒரே கைவீச்சு. இதனைத் திரைப்படம் அப்படியே படியெடுக்கவில்லை. பாலைவனத்தில் தாகத்தால் மயங்கும் ஹேடாக்கின் கண்முன் மணல்மேடு அலையாக எழுகிறது, அலைமேல் யூனிகார்ன் வருகிறது. காகிதத்தில் வெள்ளைக் கீற்று செய்த வேலையை இங்கே மணலும் நீரும் ஒன்றாகும் அந்த நொடி செய்கிறது. எது நினைவு, எது கண்முன் நிகழ்வது என்று பார்ப்பவனே இணைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. எர்ஜே செய்ததை இப்படம் இங்கே செய்யவில்லை; எர்ஜே செய்ய விரும்பியதைச் செய்தது.

படத்தை ஆக்கியோரும் இவ்வேறுபாட்டை அறிந்தே இருந்தனர். தொடக்கக் காட்சியில் பழம்பொருள் சந்தையில் ஓர் ஓவியர் டின்டினின் உருவத்தை வரைந்து நீட்டுகிறார். ஓவியருக்கு எர்ஜேயின் முகம். தாளில் இருப்பதோ இரு புள்ளிகளும் ஒரு வளைவும் கொண்ட பழைய டின்டின். ஸ்பீல்பெர்க்கும் எர்ஜேயும் சந்திக்க எண்ணியிருந்தும், எர்ஜேயின் மறைவால் அது கைகூடவில்லை. அந்தச் சந்திப்புக்கு ஈடாக அமைந்த வணக்கம் இது. அதே வேளையில், தன் நாயகன் வேறு, தாளில் இருப்பவன் வேறு என்ற ஒப்புதலும் ஆகும்.

கவிஞர் பெருமக்கள் இதிலிருந்து கொள்ளத்தக்கது ஒன்றே. முதல்நூலின் சொற்களைக் காப்பது எளிது. அதன் நிகழ்ச்சிகளைக் காப்பது அதனினும் எளிது. அது எங்கே பேசாமல் நின்றது, ஏன் நின்றது என்று கண்டு, தன் மொழியில் அதற்கு நிகரான ஓர் இடைவெளியைத் திறப்பதே அரிது. வழிநூல் செய்வோன் மூலத்தின் மௌனத்தை நிரப்ப வருபவன் அல்லன். தன் மொழியில் எங்கே மௌனம் கொள்ள முடியும் என்று தேட வேண்டியவன். பிறமொழிக் கவிதையைத் தமிழாக்கும் ஒவ்வொருவரும் எழுதி முடித்த பின், சேர்த்தவற்றை எண்ணிப் பார்ப்பதோடு, மூடிவிட்ட இடைவெளிகளையும் ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நலம்.