தொண்டர்களை வழிநடத்துபவருக்கும் படிப்பு வேண்டும்



எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் ஒன்பது வருடமாகத் தொண்டர்களை ஒருங்கிணைத்து வருகிறேன். போன தவணையில் ஓர் ஐயா சொல்லாமற் கொள்ளாமல் நின்றுவிட்டார். வீடு தேடிப் போய்க் கேட்டேன்.

"பிள்ளை, ஆறு வருசமாக் கேற்றைத் திறந்து பூட்டினனான். உங்களுக்கு வேற என்ன தெரியுமெண்டு ஒருத்தரும் கேக்கேல்லை."

ஊரில் அவர் கணித ஆசிரியராம். எனக்கு அன்றுவரை தெரியாது. வெட்கமாக இருந்தது.

தொண்டு எங்களுக்குப் புதிதல்ல. சிரமதானமும் கோயில் அன்னதானமும் அகதி முகாம்ச் சமையலும் செய்து வந்தவர்கள்தானே நாங்கள். கூப்பிட்டால் வருவார்கள். ஆனால் வந்தவரை அறிந்து, ஏற்ற வேலை கொடுத்து, களைக்காமல் வைத்திருப்பது வேறு வித்தை. தொண்டர்களுக்கு அர்த்தமுள்ள பணி கொடுக்க வேண்டும் என்று வொலண்டியரிங் அவுஸ்திரேலியா 2015இல் வெளியிட்ட தேசியத் தர நியமங்களிலேயே இருக்கிறது. பிலடெல்பியாவில் 1977இல் எனர்ஜைஸ் நிறுவனத்தைத் தொடங்கிய சூசன் எல்லிஸ், 2019இல் காலமாகும்வரை, இதை ஒரு தொழிலாக மதிக்கவேண்டும் என்றே எழுதிவந்தார். நவம்பர் 5ஆம் திகதி தொண்டர் முகாமையாளர்களுக்கென ஒரு சர்வதேச தினமே உண்டு. எங்கள் சங்கங்களில் யாரும் கொண்டாடி நான் காணவில்லை.

இப்படியானவர்கள் படிப்பதற்கென்றே சில அமைப்புகள் புலமைப்பரிசில் கொடுக்கின்றன. பயிற்சிநெறி, மாநாடு, சீ.வீ.ஏ. சான்றிதழ்ப் பரீட்சை ஆகியவற்றின் கட்டணத்துக்கு உதவும். அப்படியொன்றுக்கு விண்ணப்பிக்கப் போகிறேன் என்று எங்கள் குழுவில் சொன்னபோது ஒருவர் சிரித்தார். "தொண்டுக்கும் படிப்போ?" அவரிலும் பிழையில்லை; நானும் முன்பு அப்படி நினைத்தவள்தான்.

விண்ணப்பத்தில், படித்துவிட்டு எதை மாற்றுவீர்கள் என்றொரு கேள்வி. நான் ஐயாவின் கதையை, பெயர் போடாமல், எழுதினேன். புதிதாய் வருபவர் ஒவ்வொருவரோடும் அரை மணித்தியாலம் இருந்து கதைக்கப் போகிறேன் என்றும் எழுதினேன். ஆங்கிலம் சரியில்லை என்று பயப்படாதீர்கள். எனக்கு மகள் எழுத்துப்பிழை திருத்தித் தந்தாள். உங்கள் முதியோர் சங்கத்திலோ விளையாட்டுக் கழகத்திலோ இந்த வேலை செய்பவர் இருந்தால் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

முடிவு இன்னும் வரவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தர வருவீர்களா என்று ஐயாவைக் கேட்டிருக்கிறேன். "யோசிப்பம் பிள்ளை" என்றார். கேற்றுத் திறப்பு இப்போது என்னிடம்தான்.