நேற்று நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள்?

(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



கிராம அபிவிருத்தியும் உணவுப் பழக்கமும் பற்றிப் பேசும்படி கேட்டிருந்தீர்கள். நமது மனையியல் வகுப்பிலிருந்தே தொடங்குகிறேன்.

1993ஆம் ஆண்டு. நான் எட்டாம் வகுப்பு. முதல்நாள் வீட்டில் உண்டதை எழுதிவரும்படி ஆசிரியை சொன்னார். யுத்தகாலம். எங்கள் வீட்டில் அன்றிரவு ரொட்டியும் கட்டைச் சம்பலும். நானோ முட்டையும் கீரையும் சேர்த்து எழுதினேன். பக்கத்தில் இருந்த தோழியும் அப்படியே எழுதியிருந்தாள் என்பது பின்னர்தான் தெரிந்தது. உணவுக் கணக்கெடுப்பு ஒன்றுக்கு நான் சொன்ன முதல் பொய் அது.

அதே 1993இல் நாட்டில் நடந்த குடித்தொகை சுகாதார ஆய்வு வடக்கு, கிழக்கு மாகாணங்களுக்கு வரவேயில்லை. 2000ஆம் ஆண்டு ஆய்விலும் நாம் இல்லை. 2006-07இல் கிழக்கு சேர்ந்தது, வடக்கு விடுபட்டது. 2016இல்தான் 25 மாவட்டங்களும் அடங்கின. அவ்வாய்வின்படி நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17 வீதமானோருக்கு வயதுக்கேற்ற உயரமில்லை. 15 வீதமானோருக்கு உயரத்துக்கேற்ற நிறையில்லை.

பிள்ளையின் உயரத்தையும் நிறையையும் கருவியால் அளக்கலாம். வீட்டில் உணவு போதவில்லை என்பதை எப்படி அளப்பது? 1990களில் உகண்டாவின் கம்பாலா நகரில் டானியல் மக்ஸ்வெல் என்ற ஆய்வாளர், உணவும் பணமும் போதாதபோது குடும்பங்கள் எப்படிச் சமாளிக்கின்றன என்று ஆராய்ந்தார். அதற்கு விடை தெரிந்தவர்கள் சமைக்கும் பெண்கள். பின்னர் ஆபிரிக்க நாடுகள் பலவற்றின் ஆய்வுகளை ஒப்பிட்டு அந்த விடைகள் ஐந்து வினாக்களாகச் சுருக்கப்பட்டன. கடந்த ஏழு நாட்களில் எத்தனை நாள் மலிவான, விருப்பம் குறைந்த உணவை உண்டீர்கள்? எத்தனை நாள் உணவைக் கடனாகவோ உதவியாகவோ பெற்றீர்கள்? எத்தனை நாள் அளவைக் குறைத்தீர்கள்? எத்தனை நாள் பிள்ளைகளுக்காகப் பெரியவர்கள் குறைத்துக்கொண்டீர்கள்? எத்தனை நாள் வேளைகளைக் குறைத்தீர்கள்? கடனுக்கு நாளொன்றுக்கு இரண்டு புள்ளி, பெரியவர்கள் குறைத்துக்கொள்வதற்கு மூன்று, மற்றவற்றுக்கு ஒவ்வொன்று.

2022இல் இந்த வினாக்கள் நம் நாட்டிலும் கேட்கப்பட்டன. அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 90 வீதத்தைத் தாண்டியிருந்தது. மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கிடந்தன.

அந்த நாட்களில் மூதூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு, குடும்ப நல உத்தியோகத்தருடன் வினாக்கொத்தை எடுத்துக்கொண்டு சென்றேன். மூன்று பிள்ளைகளின் தாய் ஒருவர் நான்காவது வினாவுக்கு ஒரே சொல்லில், "இல்லை" என்றார். நான் பூச்சியம் போட்டுவிட்டேன். உத்தியோகத்தர் விடவில்லை.

"அப்ப நேற்று ராத்திரி நீங்க என்ன தங்கச்சி சாப்பிட்டீங்க?"

"பிள்ளையள் திண்டு மிஞ்சின சோத்துக்குத் தண்ணி ஊத்திக் குடிச்சனான்."

"பிறகேன் இல்லையெண்டு சொன்னீங்க?"

"அது எந்த நாளும் செய்யிறதுதானே மிஸ். நீங்க கஷ்டத்தைப் பத்தித்தானே கேட்டீங்க?"

அதிக புள்ளி பெறவேண்டிய விடை, என் கையால் பூச்சியமாகியிருந்தது. குளக்கட்டில் பறித்துச் சமைத்த பொன்னாங்காணியையும் அவர் சொல்லவில்லை. காசு கொடுத்து வாங்காதது அவருக்குச் சாப்பாட்டுக் கணக்கில் இல்லை. அன்று எட்டாம் வகுப்பில் நான் வெட்கத்தால் கூட்டி எழுதினேன். இவர் பழக்கத்தால் குறைத்துச் சொன்னார். இரண்டு தாளிலும் உண்மை இல்லை.

"உணவுத் தெரிவு" என்று ஆய்வுகளில் எழுதுகிறோம். நம் மாவட்டத்தில் கோதுமை கப்பலில் வந்து இறங்குகிறது. சீனக்குடா மா ஆலை 1980 முதல் இயங்குகிறது. 2006இல் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்தவர்கள் முகாம்களில் ஆண்டுக்கணக்காக நிவாரண அரிசியையும் மாவையும் உண்டார்கள். 2015க்குப் பின் திரும்பியபோது வீட்டுத்தோட்டத்தைப் புதிதாகத் தொடங்கவேண்டியிருந்தது. இதில் தெரிவு எவ்வளவு, வேறு வழியின்மை எவ்வளவு என்று கேட்காமல், "ஏன் கீரை சாப்பிடுவதில்லை?" என்று கண்டிப்பதில் பயனில்லை.

நாமும் 2022இல் உலர் உணவுப் பொதிகள் கொடுத்தோம். கடல் கடந்திருக்கும் சகோதரிகள் மனமுவந்து பணம் அனுப்பினீர்கள். அரிசி, மா, சீனி, பருப்பு என்று பட்டியல் எழுதியவர்களில் நானும் ஒருத்தி. சில வாரங்களின் பின் கிளினிக்குக்கு வந்த நீரிழிவு நோயாளியான ஓர் அம்மா, "வந்த மாவையும் சீனியையும் வீணாக்கலாமா பிள்ளை?" என்று கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை. பட்டியலுக்கு முன் ஒருவரையும் நான் கேட்டிருக்கவில்லை.

ஆகவே நூற்றாண்டுத் திட்டமாக ஒரு கிராமத்தைப் பொறுப்பேற்கப்போகும் நம் சங்கத்திடம் மூன்று விடயங்களை வேண்டுகிறேன். முதலாவது, பணம் திரட்டுமுன் வீடு வீடாகச் சென்று கேட்போம். கூட்டத்தில் வைத்துக் கேளாமல் அடுப்படியில் கேட்போம். "உங்கள் வீட்டில்" என்பதோடு நிறுத்தாமல் "நீங்கள்" என்றும் கேட்போம். இரண்டாவது, பொதியில் என்ன இருக்கவேண்டும் என்பதை அந்தப் பெண்களே சொல்லட்டும். பயறா, கருவாடா, முட்டையா, கோழிக்குஞ்சா, கிணற்றுக்கு ஒரு பம்பா என்பது அவர்களுக்குத்தான் தெரியும். மூன்றாவது, கேட்டு எழுதியதைத் திரும்பிச் சென்று அவர்களுக்கே வாசித்துக் காட்டுவோம். பிழையிருந்தால் அவர்கள் திருத்துவார்கள்.

என் மனையியல் ஆசிரியை இன்று இந்த மண்டபத்தில் முன்வரிசையில் இருக்கிறார். ரீச்சர், அன்று முட்டை இல்லை. ரொட்டியும் சம்பலும்தான்.