எண்பத்து நான்கு வயதில் எழுதிய பயணங்கள்



1940 ஜனவரியில் ஆனந்த விகடனில் ஒரு தொடர் ஆரம்பமாயிற்று. எழுதியவருக்கு எண்பத்தைந்து வயது நிறையச் சில வாரங்களே பாக்கி. சென்னை மாநிலக் கல்லூரி வேலையிலிருந்து அவர் ஓய்வு பெற்று இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்'தான் அது. தமிழில் தன்வரலாறு என்றதும் முதலில் நினைவுக்கு வரும் இந்த நூலைப் பயண நூலாகவும் படிக்கலாம். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்கத் தந்தையோடு மாயூரம் போனது, பிறகு ஏடு தேடித் திருநெல்வேலிச் சீமையில் வீடு வீடாக ஏறி இறங்கியது என்று, அவர் வாழ்க்கை திரும்பிய இடங்களிலெல்லாம் ஒரு பயணம் இருக்கிறது.

பணி ஓய்வுக்குப் பின் பயண நினைவுகளை எழுதுவது இன்று பலருக்கும் பிடித்த வேலை. மணிவிழாவை ஒட்டி ஒரு புத்தகம், அதற்கு மூன்று அணிந்துரை, உறவினர் வீட்டுக்கெல்லாம் ஆளுக்கொரு பிரதி. இவற்றில் பல பத்துப் பக்கத்துக்கு மேல் நகர்வதில்லை. விமானம் எத்தனை மணிக்குப் புறப்பட்டது, யார் மாலை போட்டார்கள், எந்த ஊரில் இட்லி கிடைத்தது என்று எல்லாம் வரிசையாக வரும். போய்வந்தவருக்கு என்ன ஆயிற்று என்பது மட்டும் வராது. 'என் வாழ்க்கையையே மாற்றிய பயணம்' என்று அட்டையில் போட்டிருக்கும். முன்பு எப்படி இருந்தார், பின்பு எப்படி ஆனார் என்று உள்ளே தேட வேண்டியிருக்கும்.

சாமிநாதையர் இதை எப்படிச் செய்தார் என்று கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். கும்பகோணத்துக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்த நாள் 1880 அக்டோபர் 21, வியாழக்கிழமை என்று எழுதுகிறார். அறுபது ஆண்டு பழைய சங்கதி. நாட்காட்டியைப் புரட்டினால் அன்று வியாழக்கிழமைதான்! இருபத்தைந்து வயதுக் கல்லூரித் தமிழாசிரியர் தாம் படித்த அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று அடுக்கிக்கொண்டே போகிறார். முதலியார் எதற்கும் அசையவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். இளைஞர் படித்ததில்லை.

இதை எழுதும்போது அவர் மகாமகோபாத்தியாயர். சிந்தாமணியை 1887-இல் பதிப்பித்து, பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு என்று அடுத்தடுத்துக் கொண்டுவந்தவர். நினைத்திருந்தால் அந்த இளைஞரின் வாயில் இரண்டு கெட்டிக்காரப் பதில்களை வைத்திருக்கலாம். வைக்கவில்லை. இளைஞர் விழித்தது விழித்தபடியே நிற்கிறது. முதுமையில் எழுதுகிறவருக்கு இதுதான் மிகக் கடினமான காரியம்: பின்னால் தெரிந்துகொண்டதை முன்னால் போனவரின் தலையில் ஏற்றாமல் இருப்பது.

தோற்றுப்போன பயணங்களையும் அவர் விடவில்லை. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய ஏடுகள் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போகிறார். சிதைந்த ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டதாகக் கோயிலைச் சேர்ந்தவர் சர்வசாதாரணமாகச் சொல்கிறார். அங்கிருந்து வெறுங்கையோடு திரும்பிய கதைதான் வாசகர் மனத்தில் அதிகம் தைக்கிறது. இது இருப்பதால்தான், ஆழ்வார்திருநகரியில் நிலா வெளிச்சத்தில் ஓர் ஏட்டைப் பிரித்து முல்லைப்பாட்டு என்ற பெயரைக் கண்ட மகிழ்ச்சியை நாமும் நம்புகிறோம்.

நினைவை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இப்னு பதூதா சாட்சி. 1325-இல் இருபத்தொரு வயதில் தாஞ்சியரிலிருந்து ஹஜ்ஜுக்குக் கிளம்பியவர் ஏறக்குறைய முப்பது ஆண்டு சுற்றினார். ஊர் திரும்பியபின் மொராக்கோ சுல்தானின் ஆணைப்படி அவர் சொல்லச் சொல்ல, இப்னு ஜுஸய் என்ற அறிஞர் எழுதி 1355-இல் முடித்தார். வழியில் எடுத்த குறிப்புகளோ இந்தியக் கடலில் கொள்ளையரிடம் பறிபோயிருந்தன. விளைவு, டமாஸ்கஸ், மக்கா பற்றிய வருணனைகளில் கணிசமான பகுதி அவருக்கு முன் போன இப்னு ஜுபைரின் நூலிலிருந்து எடுத்தது. ஆனால் மதுரைக்கு வரும்போது நடை மாறிவிடுகிறது. மதுரைச் சுல்தான் கியாசுதீன் தாமகானி அவருக்குச் சகலை. அந்தச் சகலை கைதிகளையும் அவர்களுடைய பெண்டு பிள்ளைகளையும் கொன்ற கொடுமையைக் கண்டித்துப் பேசுகிறார். நகரில் பரவிய கொள்ளைநோயைச் சொல்கிறார். பார்க்கப் போன இடங்களுக்கு அடுத்தவர் வருணனை போதுமாயிருந்தது. பதறிப்போன இடத்துக்குக் குறிப்பேடே தேவைப்படவில்லை.

ஆங்கில எழுத்தாளர் பேட்ரிக் லீ ஃபெர்மர் பதினெட்டு வயதில், 1933 டிசம்பரில், ஹாலந்துக் கரையிலிருந்து கான்ஸ்டான்டிநோபிளுக்கு நடக்கப் புறப்பட்டார். அந்த நடையைப் பற்றிய முதல் நூல் 1977-இல், அவருக்கு அறுபத்திரண்டு வயதானபோது வந்தது. முதல் நாட்குறிப்பு மியூனிக்கில் மூட்டையோடு களவுபோனது. ருமேனியாவில் விட்டுவந்த இன்னொன்று 1965-இல் திரும்பக் கிடைத்தது. மொழியழகில் அவரை விஞ்ச ஆளில்லை. ஆனால் ஹங்கேரியச் சமவெளியைக் குதிரையில் கடந்ததாக எழுதியதில் கற்பனை கலந்திருக்கிறது. நடையாகவே போனால் வாசகருக்கு அலுத்துவிடும் என்று குதிரை ஏறியதாகத் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஆர்ட்டெமிஸ் கூப்பரிடம் அவரே சொன்னார். ரசிகர்கள் இதை மன்னித்துவிட்டார்கள். அவ்வளவு தாராளம் எல்லோருக்கும் கிடைக்குமா என்பது சந்தேகம்.

ஆகவே எழுத உட்காருமுன் பரணைக் கிளறுவது நல்லது. காலாவதியான பாஸ்போர்ட், வளைகுடாவிலிருந்து வீட்டுக்கு எழுதிய நீல ஏரோகிராம், செலவுக் கணக்கு எழுதிய டயரி எல்லாம் உதவும். கடிதம் ஒன்று சொல்ல, நினைவு வேறொன்று சொன்னால் இரண்டையும் எழுதலாம். அன்று வீட்டார் கவலைப்படக் கூடாதென்று எதை மறைத்தோம் என்பது அந்த இடைவெளியில்தான் அகப்படும்.

நம்மிடம் எழுதாமல் கிடக்கும் பெரும் பயணம் ஒன்று உண்டு. 1941 டிசம்பரில் ரங்கூனில் ஜப்பான் குண்டு வீசியபின், ஆயிரக்கணக்கான தமிழர்கள் காடும் மலையும் கடந்து இந்தியாவுக்கு நடந்தார்கள். வெ.சாமிநாத சர்மா மனைவியோடு அப்படி நடந்து வந்தவர். பர்மா வழிநடைப் பயணம் பற்றி அவர் எழுதிய நூல் இருக்கிறது. வழியில் மாண்டவர்கள், கைவிட்ட மூட்டைகள், தண்ணீருக்குப் பட்ட பாடு என்று மற்றக் குடும்பங்களில் அது தாத்தா சொன்ன கதையாகவே நின்றுவிட்டது. அன்று தோளில் தூக்கிவந்த குழந்தைகளே இன்று எண்பதைத் தாண்டிவிட்டார்கள். ஒரு பேரனோ பேத்தியோ கைப்பேசியில் பதிவு செய்தாலும் போதும். இப்னு பதூதாவும் வாயால் சொன்னவர்தானே.

சாமிநாதையருக்கும் எழுத உதவிக்கு ஆள் இருந்தார்: மாணவர் கி.வா.ஜகந்நாதன். தொடர் நூற்று இருபத்திரண்டு அத்தியாயங்கள் வரை வந்தது. 1942 ஏப்ரல் 28 அன்று திருக்கழுக்குன்றத்தில் ஆசிரியர் காலமானபோது, கதை பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளைத்தான் தொட்டிருந்தது. அதற்கு மேல் அவர் வாழ்ந்த நாற்பது ஆண்டுகளுக்கு அவர் கைப்பட எழுதிய தொடர்ச்சி கிடையாது. அந்தக் கதையைக் கி.வா.ஜ. பின்னாளில் 'என் ஆசிரியப்பிரான்' என்ற நூலில் மாணவராக இருந்து சொன்னார்.