வாசலில் தொங்கும் செய்தி



வீட்டையும் தோட்டத்தையும் நம் கையாலேயே அழகுபடுத்துவது எப்படி என்பதுதான் இன்றைய அரங்கின் பொருள். எனக்கு முன்னால் பேசிய நண்பர்கள் பழைய போத்தல், டயர், மரக்கட்டை என்று பலவற்றைச் சொன்னார்கள். நான் ஒரே ஒரு பொருளை மட்டும் எடுத்துக் கொள்கிறேன். தென்னங்குருத்துத் தோரணம். இது பழைய கதைதானே என்று எழுந்து போய்விடாதீர்கள். இந்த அரங்கில் தோரணம் முடையத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று கை தூக்கச் சொன்னால் நிலைமை விளங்கிவிடும்.

நான் ரவாங்கில் குடியிருப்பவள். எங்கள் தாமானில் மாலையில் நடந்து வரும்போது தமிழர் வீடு எது என்பது தூரத்திலிருந்தே தெரியும். வாசல் நிலையில் பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம் இருக்கும். ஒரு தீபாவளிக்குக் கட்டியது அடுத்த தீபாவளி வரைக்கும் தொங்கும். பச்சை வெளுத்து நீலமாகி, அதன்மேல் தூசி படிந்து, சிலந்தி வலையும் கட்டியிருக்கும். பிரிக்பீல்ட்ஸ் கடைகளிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கிறது, வாங்கி மாட்டிவிடுகிறோம். வாங்குகிறவர்களைக் குறை சொல்லவில்லை. இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் ஓலைக்கு எங்கே போவது?

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தோரணம் என்பது அழகுக்காக மட்டும் கட்டப்பட்டதல்ல, அது தெருவுக்குச் சொல்லும் செய்தி. இந்த வீட்டில் கல்யாணம், இந்தக் கோயிலில் திருவிழா, இங்கே பெண் பெரியவளாகியிருக்கிறாள் என்று அறிவிப்பது. காலையில் வெளிர்மஞ்சளாக இருக்கும் குருத்து இரண்டு மூன்று நாளில் பழுப்பாகிச் சுருண்டுவிடும். விசேஷம் முடிந்தது என்பதையும் அதுவே சொல்லிவிடும். வருடம் முழுவதும் தொங்குகிற தோரணத்தால் எந்தச் செய்தியைச் சொல்ல முடியும்?

செய்தி என்றால் அதற்கு இலக்கணமும் உண்டு. யாழ்ப்பாணத்து வழக்கில் இது மிகத் தெளிவாக இருக்கிறது. ஓலையில் மடித்து எடுக்கும் சிறு உருவங்களைக் 'குருவி' என்பார்கள். மங்கலத் தோரணத்தில் நான்கு குருவிகள் இருக்கும், தலை மேல்நோக்கி இருக்கும். துக்க வீட்டுக்குக் கட்டும் தோரணத்தில் மூன்றே குருவிகள்தான், தலை கீழ்நோக்கி இருக்கும். வாசலைப் பார்த்தாலே உள்ளே சிரித்துக்கொண்டு போவதா, தலையைக் குனிந்துகொண்டு போவதா என்று தெரிந்துவிடும். தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் மடிப்பு மாறும். ஆனாலும் நல்லதற்கு ஒரு விதம், கெட்டதற்கு ஒரு விதம் என்ற எண்ணம் நம் பெரியவர்களிடம் இருந்தது. இன்று மண்டப அலங்காரக்காரரிடம் பந்தல் முதல் பூச்சட்டி வரை மொத்தமாக ஒப்படைத்துவிடுகிறோம். அவருடைய ஆள் குருவியைத் தலைகீழாகக் கட்டிவிட்டுப் போனால், தவறு என்று சொல்வதற்குக் கல்யாண வீட்டில் ஒரு கிழவராவது இருக்க வேண்டும். இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அந்தக் கிழவரும் இருக்க மாட்டார். என் கவலை இதுதான்.

பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போகிறவர்கள் அங்கே நிற்கும் தோரண வாயிலைப் பார்த்திருப்பீர்கள். இந்திய அரசாங்கத்தின் அன்பளிப்பு. 2015 நவம்பரில் இரு நாட்டுப் பிரதமர்களும் சேர்ந்து திறந்து வைத்தார்கள். சாஞ்சி ஸ்தூபியின் வாயிலைப் பார்த்துச் செய்தது. அந்தச் சாஞ்சி வாயில்களே மரத்தால் கட்டிய பழைய வாயில்களைக் கல்லில் பார்த்துச் செதுக்கியவை என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். கல் தோரணம் படம் பிடித்துக்கொள்ள அழகாக இருக்கிறது, இருக்கட்டும். ஆனால் நம் வீட்டு வாசலுக்குக் கல் வேண்டியதில்லை, ஓர் ஓலை போதும்.

சரி, செய்வது எப்படி? நான்கு குருவி மடிப்பை நான் இங்கே வாயால் சொல்லிக் கொடுக்க மாட்டேன். அது ஒருவர் கையைப் பார்த்து இன்னொரு கை கற்க வேண்டிய வேலை. தெரிந்த பெரியவர் உங்கள் குடும்பத்தில் இருந்தால் இந்த வாரமே போய் உட்காருங்கள், கைப்பேசியில் படம் எடுத்துக் கொள்ளுங்கள். இப்போது யாரும் செய்யக்கூடிய எளிய தோரணத்தைச் சொல்கிறேன்.

முழுவதும் விரியாத குருத்து ஒன்று வேண்டும். அதிலிருந்து ஓலைகளைத் தனித்தனியாகப் பிரித்து, நடுவில் இருக்கும் ஈர்க்கை உரித்து எடுங்கள். ஓர் ஓலைக்கு இரண்டு நீண்ட நாடாக்கள் கிடைக்கும். ஈர்க்கை எறிந்துவிடாதீர்கள், அதற்கு வேலை இருக்கிறது. வாசலின் அகலத்துக்கு ஒரு கயிறு கட்டிக் கொள்ளுங்கள். தேங்காய் நார்க் கயிறாக இருந்தால் ஓலை வழுக்காது. ஒரு நாடாவை நடுவில் மடித்தால் தலையில் வளையம் போல வரும். அந்த வளையத்தைக் கயிற்றுக்குப் பின்னால் மேல்நோக்கி வைத்து, முன்பக்கமாக மடக்கி, தொங்கும் இரண்டு வால்களையும் அதற்குள் விட்டு இழுங்கள். முடிச்சு தானாக இறுகிக் கொள்ளும். நான்கு விரல் இடைவெளி விட்டு அடுத்தது. மூன்றடி வாசலுக்குப் பன்னிரண்டு போதும். வால் நுனிகளைச் சாய்வாக நறுக்கி, ஓர் ஊக்கின் முனையால் நீளவாக்கில் கீறிவிட்டால் குஞ்சம் போல ஆடும். இடையிடையே மாவிலையைக் கயிற்றின்மேல் மடித்துப் போட்டு, ஈர்க்குத் துண்டால் குத்தி வையுங்கள். ஈர்க்கின் வேலை அதுதான். ஸ்டேப்ளர் வேண்டாம், குழந்தைகள் ஓடியாடும் வாசலில் கம்பி எதற்கு?

முதல் நாள் மாலையே ஓலை கையில் இருக்க வேண்டும். ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைத்தால் காலை வரை வாடாது. ஒன்று சொல்ல வேண்டும். காய்ந்த ஓலை தீயைத் தேடும். குத்துவிளக்குக்கும் மத்தாப்புக்கும் எட்டாத உயரத்தில் கட்டுங்கள்.

ஓலை எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். இளநீர் விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். சபாக் பெர்ணம், பாகான் டத்தோ பக்கம் உறவினர் இருந்தால் இன்னும் நல்லது. அவை தென்னைக்குப் பேர் போன கரையோர ஊர்கள். சொந்த மரம் உள்ளவர்கள் மட்டும் கொஞ்சம் நிதானமாக இருக்க வேண்டும். தென்னைக்குக் கிளை கிடையாது, உச்சியில் ஒரே ஒரு முளைதான். கத்தி அங்கே ஆழமாக இறங்கிவிட்டால் மரம் போய்விடும். நன்றாக இருக்கும் மரமே ஏறக்குறைய மாதத்துக்கு ஒரு மட்டைதான் விடும். ஆகவே ஒரு குருத்து என்பது மரத்தின் ஒரு மாத உழைப்பு. வெட்டுக் காயத்தின் வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு தேடி வரும். 2007-இல் திரங்கானுவில் கண்டுபிடிக்கப்பட்ட அந்த வண்டு தென்னைக்குப் பெரிய எதிரி. எனவே குருத்தின் வெளிப்புற ஓலையை மட்டும் எடுங்கள், ஒரே மரத்தை அடிக்கடி தொடாதீர்கள். வீடு கட்ட மரம் சாய்க்கிற இடம் தெரிந்தால் அதைவிட வசதி கிடையாது.

பக்கத்து வீட்டு மலாய்க்காரர்களைப் பாருங்கள். அவர்களும் இதே குருத்தோலையில்தான் கெத்துப்பாட் கூடு பின்னுகிறார்கள். நோன்புப் பெருநாள் நெருங்கினால் சந்தையில் பின்னிய கூடுகள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். அவர்களிடமும் பிளாஸ்டிக் வந்துவிட்டது. ஆனால் அது சாப்பாட்டோடு சேர்ந்திருப்பதால் ஓலைக்கு இன்னும் வேலை இருக்கிறது. நம் கிறிஸ்துவத் தமிழர்களும் குருத்து ஞாயிறன்று ஓலையில் சிலுவை மடிக்கிறார்கள். ஆக இந்த நாட்டில் மூன்று சமயத்துக் கைகள் ஒரே ஓலையை மடிக்கின்றன. மடிக்கத் தெரிந்தவர் எந்த வீட்டில் இருந்தாலும் நம் பிள்ளைகளை அனுப்பி வைப்பதில் தவறே இல்லை.

எங்கள் ரவாங்கைப் பற்றி ஒரு சொல். 1894-இல் லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும் தங்கள் ஈயச் சுரங்கத்துக்கு மின்சார இயந்திரம் கொண்டு வந்த ஊர் இது. கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலைத் தோற்றுவித்த அதே தம்புசாமிப் பிள்ளைதான். நாட்டிலேயே முதன்முதலில் மின்விளக்கைக் கண்ட ஊரில் இருந்துகொண்டு வண்ண விளக்குச் சரம் வேண்டாம் என்று நான் சொன்னால் எடுபடாது. விளக்கும் எரியட்டும், ஓலையும் தொங்கட்டும்.

ஆனால் விளக்குச் சரத்தை ஓர் ஆள் பத்து நிமிடத்தில் மாட்டிவிடலாம். தோரணத்துக்குப் பல கைகள் வேண்டும். சுங்கை சோ, செரண்டா, குண்டாங் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு நினைவிருக்கும். கல்யாணத்துக்கு முதல் நாள் இரவு லயத்து ஆண்களெல்லாம் பந்தல்காலைச் சுற்றி உட்கார்ந்து ஓலை முடைவார்கள். பெண்கள் கோப்பி கொண்டு வந்து கொடுப்பார்கள். பேசாமல் கிடந்த இரண்டு குடும்பம் அந்த இரவில் பேசிவிடுவதும் உண்டு. கூலி கிடையாது, அடுத்த கல்யாணத்துக்கு இவர் போய் உட்காருவார், அவ்வளவுதான். தோட்டங்கள் போய் நாம் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் சிதறிய பிறகு, அக்கம்பக்கத்தார் மொய் எழுத வருகிற விருந்தாளிகளாகிவிட்டார்கள். அடுக்குமாடியில் பந்தல் போட இடமில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கீழே உள்ள பொது மண்டபத்தில் பாய் விரித்து எட்டுப் பேர் உட்கார இடம் இருக்கிறதே? வருகிற பொங்கலுக்கு முதல் நாள் மாலை ஒரு குருத்தோடு இறங்கிப் பாருங்கள். நான்கு வீட்டுப் பிள்ளைகள் தாங்களாகவே வந்து சூழ்ந்து கொள்வார்கள்.

கடைசியாக ஒன்று. நான்காம் நாள் தோரணத்தைக் கட்டாயம் இறக்கிவிடுங்கள். ஓலை வாழை மரத்தடிக்கு எருவாகப் போகட்டும். கயிற்றைச் சுருட்டி வைத்தால் அடுத்த விசேஷத்துக்கு ஆகும். மிஞ்சிய ஈர்க்குகளைச் சேர்த்து வைத்தால் ஒரு விளக்குமாறு கிடைக்கும்.